மொட்டைமாடி மதிலில் ஒரு மாஜரின் டப்பா

1

கேபிள் இழுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நின்றவர்கள் நான்கு பேர்: கஜன், கஜனின் அம்மா, பாயிஸ் நானா, நான். நிற்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் கட்டடத்தின் சொந்தக்காரர். ஹெவ்லொக் டவுனில் இருந்தார். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. மற்றவர் கஜனின் அண்ணன். கனடாவிலிருந்து கேபிளுக்குக் காசு அனுப்பியவர் அவர்தான்.

இடம் கொழும்பின் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று. எது என்று சொல்லப் போவதில்லை. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். நான் இங்கே பாதுகாப்பாக இருந்து எழுதுகிறேன். அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், போரும் முடியவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு கடிதம். நோர்வேயில் கடலோரச் சிறு நகரம் ஒன்றில், குகன் அண்ணன் வீட்டின் கீழறையில் வாடகைக்கு இருக்கிறேன். அவருடைய மகன் நிரோஷுக்குப் பன்னிரண்டு வயது. எதிர்க் கட்டடத்தில் இருக்கும் வகுப்புத் தோழனோடு விளையாட ஒரு கேபிள் இழுக்க வேண்டும் என்று நச்சரித்தான். வயர்லெஸ் அடிக்கடி விழுகிறதாம். குகன் அண்ணன் குடியிருப்புச் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார். ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. அனுமதி உண்டு, ஆனால் கேபிளின் நிறம் சுவரின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

"பாத்தியே, இவங்களுக்குக் கலர்தான் பிரச்சினை," என்றார் குகன் அண்ணன்.

நான் சிரித்துவிட்டேன். நிறுத்தவும் முடியவில்லை. நிரோஷ் தகப்பனிடம் நோர்வே மொழியில் ஏதோ கேட்டான். எனக்கு விளங்கிய அளவில், "இவருக்கு என்ன?" என்பதுதான் கேள்வி.

2

எனக்கு என்ன என்றால், கணினி விஷயத்தில் சில பிடிவாதங்கள் உண்டு.

என் மெயில் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. குப்பைக்குப் போகவிருந்த ஒரு பழைய கணினியை இங்கே கல்லூரியில் கேட்டு வாங்கி வந்தேன். மெயிலும், நான் எழுதும் வலைப்பதிவும், ஊரிலிருந்து வரும் படங்களும் அதில்தான். பெரிய கம்பனிகள் இதையெல்லாம் சும்மா தருகின்றனவே, ஏன் இந்தச் சத்தத்தோடு படுக்கிறாய் என்று குகன் அண்ணனின் மனைவி கேட்பார். சும்மா தருகிறவன் ஒருநாள் சும்மாவே எடுத்துக்கொள்வான் என்பது என் அபிப்பிராயம். என் பெட்டி பழுதானால் திறந்து பார்க்கலாம். இரண்டாவது டிஸ்கில் பிரதி இருக்கிறது. மாதக் கட்டணம் இல்லை. குளிர்காலத்தில் அறையும் கொஞ்சம் சூடாகிறது.

வயர்லெஸை நான் நம்புவதில்லை. அது விழுந்தால் எங்கே விழுந்தது என்று தெரியாது. கேபிள் அப்படியல்ல, தொட்டுக்கொண்டே போனால் அறுந்த இடம் வரும்.

விளையாட்டுகளைப் பற்றி எனக்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. சுடுகிற விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் என்று இங்கே பெற்றோர் கூட்டத்தில் பேசுகிறார்கள். சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு வந்து, அதே கையால் சுடுகிற விளையாட்டை விளையாடியவன் நான். கெட்டேனா என்று தெரியவில்லை. நிரோஷின் விளையாட்டில் காசு கொடுத்துப் பாத்திரத்துக்குச் சட்டை வாங்கலாம். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தப் பிடிவாதங்கள் எல்லாம் பாயிஸ் நானாவின் கணினிக் கடையில் வந்தவை. நானா என்றால் அங்குள்ள முஸ்லிம்களிடம் அண்ணன். எங்கள் வீடு கொழும்பின் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். தொழில்நுட்ப டிப்ளோமா படிக்கும்போதுதான் கஜன் பழக்கமானான். அவன் யாழ்ப்பாணம். போரில் யாழ்ப்பாணப் பாதை பூட்டப்படுவதற்கு முன்பே தாயோடு கொழும்புக்கு வந்து, மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு எடுத்திருந்தான். நான் பின்னேரங்களில் வெள்ளவத்தைக்குப் போவேன். வீட்டில் "நெட்வேர்க் பயிற்சி" என்று சொல்லியிருந்தேன். பொய்யில்லை.

இங்கே வந்த பிறகு என் பேச்சு மாறிவிட்டது. கொட்டாஞ்சேனையில் "ஆமா" என்போம். முதல் மாதம் இங்குள்ள கடையொன்றில் "ஆமா" என்றதற்கு, "தம்பி இந்தியாவோ?" என்று கேட்டார்கள். இப்போது யாழ்ப்பாணத்தார்போல "ஓம்" என்கிறேன். போன கிழமை தொலைபேசியில் அப்பாவுக்கும் "ஓம்" சொல்லிவிட்டேன்.

"என்னடா, வெள்ளவத்தைக்காரன் ஆயிட்டியா?" என்றார்.

3

கஜனுக்கு லண்டனில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அண்ணன் முற்பணத்தைக் கட்டிவிட்டார். தூதரகத்தில் நேர்முகத்துக்கு ஒரு வியாழக்கிழமையைக் கொடுத்திருந்தார்கள். அந்த வியாழன் வரைக்கும் மகனை எந்தச் சிக்கலும் இல்லாமல் வைத்திருப்பதுதான் அன்ரியின் ஒரே வேலை. கஜனின் அம்மாவை நான் அன்ரி என்றே கூப்பிடுவேன்.

ஆனால் கஜன் பொழுதுபட்டதும் நானாவின் கடைக்குப் போவான். கடை ஒழுங்கையின் எதிர்ப்பக்கம், கீழ்த்தளம். ஐந்து கணினிகள். அவற்றில் ஒன்றை நானும் கஜனும் விளையாட்டுச் சேர்வராக, மற்றக் கணினிகள் எல்லாம் இணைந்து விளையாடும் மையப் பெட்டியாக, மாற்றியிருந்தோம். இணையம் தேவையில்லை, யாருக்கும் கட்டணமும் இல்லை. எங்கள் பெட்டி, எங்கள் விதி. ஒழுங்கையைக் கடக்க இருபது அடி. ஆனால் ஒழுங்கை முனையில் சோதனைச்சாவடி. எந்த நாளில் சுற்றிவளைப்பு வரும் என்று சொல்ல முடியாது. வந்தால், அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறவன் இரவு முழுக்கப் பொலிஸ் நிலையத்தில்தான்.

"உந்த இருபது அடியும் நடக்காமல் விளையாட ஏலாதோ?" என்று அன்ரி ஒருநாள் கேட்டார்.

ஏலும் என்றேன். படித்ததே அதற்குத்தான்.

நானாவின் கடைக் கூரையிலிருந்து இவர்களுடைய மொட்டைமாடிக்கு, கேபிள் டீவி வயர்களோடு வயராகக் கேபிள் போகும். மொட்டைமாடி மதிலில் ஒரு ஹப். ஹப் என்பது பல கேபிள்களைச் சேர்க்கிற, உள்ளங்கை அகலப் பெட்டி. அதற்கு மின்சாரம் தண்ணீர் மோட்டர் அறையிலிருந்து. அங்கிருந்து ஒரு கேபிள் கஜனின் குசினி ஜன்னலுக்கு இறங்கும்.

"மழ பட்டா ஹப் போயிரும் மகன். என்னத்துக்குள்ள சரி வெச்சிக் கட்டுங்க," என்றார் நானா.

அன்ரி கீழே போய் ஒரு மாஜரின் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தார். ஹப் அதற்குள் அளவெடுத்ததுபோல் அமர்ந்தது.

"வெயிலுக்குப் பிளாஸ்ரிக் வெடிக்கும் மச்சான். கறுப்பு ரேப் சுத்துவம்," என்றான் கஜன்.

"ஓட்ட ஒண்ணு போடு. காத்து போகலன்னா உள்ளயே வெந்துரும்," என்றேன்.

"ஓட்டை போட்டா மழை."

"கீழ்ப்பக்கம் போடுடா."

இப்படியே அரை மணி நேரம். கடைசியில் கறுப்பு ஒட்டுநாடா நான்கு சுற்று. பக்கவாட்டிலிருந்து மூன்று வயர்கள். ஓட்டை வழியாகப் பச்சை விளக்கு மினுங்கியது. அன்ரி தள்ளி நின்று பார்த்தார்.

"வடிவாக் கட்டியிருக்கிறியள். வெளிநாட்டுப் பார்சல் மாதிரி இருக்கு."

காலி வீதிக்குக் கூப்பிடு தூரம். அமைச்சர்களின் வாகனங்கள் போவதற்காக நாளுக்கு இரண்டு தரம் மறிக்கப்படும் வீதி. நான்கு பேர் நின்றோம், இருவர் டிப்ளோமா மாணவர்கள். நாங்கள் யோசித்ததெல்லாம் மழையைப் பற்றித்தான்.

4

இரண்டு மாதம் அந்தக் கேபிள் ஒரு தரமும் விழவில்லை. இன்றைக்கும் அது எனக்குக் கொஞ்சம் பெருமை.

விளையாட்டில் இரண்டு பக்கம். ஒரு பக்கம் குண்டு வைக்கும், மறுபக்கம் அதைச் செயலிழக்கச் செய்யும். உலகமெல்லாம் விளையாடுகிறார்கள். கஜன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கத்துவான் என்பதால் அன்ரி ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஜன்னல் திறந்திருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது.

"சோறு வைச்சாச்சு எண்டு சொல்லுங்கோ. ஆரும் கேட்டாலும் பசிக்குதெண்டு நினைப்பினம்."

ஆகவே ஒழுங்கைக்கு மேலாகச் சோறு வைக்கப்பட்டது, சோறு எடுக்கப்பட்டது. அன்ரிக்கும் கேபிளால் ஒரு லாபம் வந்தது. நானாவின் இணைய இணைப்பை அதே வழியாக இழுத்துவிட்டோம். நிமிடக் கணக்கில் காசு கட்டிக் கொமியூனிகேஷன் கடையில் கதைத்தவர், குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கனடா மகனோடு கதைத்தார். "அவன் என்ன சாப்பிடுறான் எண்டு இப்பதான் வடிவாக் கேக்க முடியுது," என்பார்.

நேர்முகம் இருந்த கிழமையின் திங்கட்கிழமை காலை, தண்ணீர்த் தாங்கியைக் கழுவ ஒரு ஆள் வந்தார். மொட்டைமாடிக்குப் போனவர் செருப்பைக்கூட எடுக்காமல் கீழே ஓடி வந்தார். அரை மணி நேரத்தில் இரண்டு பக்கக் கட்டடங்களும் காலி. எல்லோரும் ஒழுங்கை முனையில். அன்ரி, "அடுப்பு எரியுது, அடுப்பு எரியுது," என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். குண்டு எடுக்கும் பிரிவிலிருந்து தடித்த உடுப்புப் போட்ட இருவர் மேலே போனார்கள்.

நான் அப்போது கொட்டாஞ்சேனையில். இது நானா சொன்னது. என்ன தேடுகிறார்கள் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், மதிலில் கறுப்பாக ஏதோ மினுங்குகிறதாம் என்றிருக்கிறார். உடனே கஜன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனான். கையை உயர்த்தி, தெரிந்த சிங்களத்தில் சொன்னான்:

"சேர், அது எங்கட. அது ஒண்டும் செய்யாது."

"ஒண்டும் செய்யாதெண்டு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அதிகாரி.

5

"மகன், கேபிள் புடிபட்டுட்டு," என்றார் நானா தொலைபேசியில். "கஜனக் கொண்டு பெய்ட்டாங்க. கடையில சேர்வரையும் தூக்கிட்டாங்க. என்னையும் கொண்டு பெய்ட்டு உட்டுட்டாங்க. எனக்கு ஐசில கொழும்பு ஈக்கி. அவனுக்கு இல்லயே."

என் அடையாள அட்டையிலும் கொழும்பு இருந்தது. சிங்களமும் இருந்தது. அதோடு அந்தச் சேர்வரை அமைத்தவனும் நான்தான். போவது என்று முடிவெடுக்க நேரம் எடுக்கவில்லை. அப்பாவிடம் சொல்லத்தான் எடுத்தது.

"நானும் வாரேன்," என்றார். மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கோயிலுக்குப் போடுவது.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி நடுத்தர வயது. எங்களை உட்காரச் சொன்னார். அப்பா நின்றுகொண்டார். நான் நடந்ததைச் சொன்னேன்: கேபிள், ஹப், மழை, மாஜரின். மேசையில் எங்கள் சேர்வர் இருந்தது. பேசியதெல்லாம் சிங்களத்தில்.

"போட்டுக் காட்டு," என்றார்.

அந்தச் சேர்வரில் எனக்குப் பிடித்த ஒரு வேலை செய்திருந்தேன். மின்சாரம் போய் வந்தால் யாரும் தொடத் தேவையில்லை, தானாகவே எழும்பி விளையாட்டைத் தொடங்கிவிடும். அதை நிறுத்த அந்த மேசையில் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் கடைசி ஆட்டத்தின் விவரம் ஓடத் தொடங்கியது. யார் யாரைச் சுட்டான், யார் குண்டு வைத்தான், யார் எடுத்தான். குண்டு என்கிற ஆங்கிலச் சொல் ஒவ்வொரு மூன்றாம் வரியிலும் இருந்தது. அதற்கு மட்டும் நாங்கள் சோறு என்று மாற்றி வைக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

வாசலில் நின்ற இளம் கொன்ஸ்டபிள் ஒருவன் எட்டிப் பார்த்தான். "சேர், இது கேம். என்ட தம்பியும் வீட்டில இதுதான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான்."

"கேம்," என்றார் அதிகாரி. பிறகு என்னைப் பார்த்தார். "இதில நீங்க எந்தப் பக்கம்?"

"பாதி ஆட்டத்தில பக்கம் மாறும் சேர். எல்லாரும் ரெண்டு பக்கமும் விளையாடத்தான் வேணும்."

"யார் மாத்துறது?"

"அதுவே மாத்தும் சேர். நாங்க கேக்க ஏலாது."

அவர் கொன்ஸ்டபிளைப் பார்த்தார். கொன்ஸ்டபிள் தலையாட்டினான்.

"உங்கட கூட்டாளி நல்லா விளையாடுவானா?"

எங்கள் எல்லோரிலும் கஜன்தான் கெட்டிக்காரன். குண்டு வைப்பதில் அவனை யாரும் வென்றதில்லை. வாய் வரைக்கும் வந்தது.

"சுமார்தான் சேர்," என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. கஜனை அடிக்கவில்லை. எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். நான் வியாழக்கிழமை நேர்முகத்தைப் பற்றிச் சொன்னேன். கடிதத்தின் பிரதியைக் காட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். தனக்கு விளங்கிவிட்டது என்றார். ஆனால் பெட்டியை வேறொரு பிரிவு பார்க்க வேண்டும், அவர்கள் எழுத்தில் தர வேண்டும், கஜனின் தமிழ் வாக்குமூலம் சிங்களத்துக்கு மொழிபெயர்க்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான். அவருக்கு மூன்று நிலையங்கள்.

நான் மொழிபெயர்த்துத் தருகிறேன் என்றேன்.

"மல்லி, நீயும் இந்த வழக்கில ஒரு ஆள்," என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

வெளியே வந்து அப்பாவும் நானும் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். பஸ் வரும்போது, "விளையாட்டா?" என்று கேட்டார். ஆமா என்றேன்.

6

வியாழக்கிழமை காலை அன்ரி தூதரகத்துக்குப் போனார். கஜனின் கோப்பு, அயர்ன் பண்ணின சட்டை ஒன்று பையில். எனக்குச் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பேன் என்று நினைத்திருக்கலாம். பத்து மணிக்கு நான் வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. நானாதான், "விடியவே ஓட்டோ புடிச்சிப் பெய்ட்டாங்க," என்றார்.

போய்ப் பார்த்தேன். வரிசையில் நின்றார். முன்னால் இரண்டு பேர், பின்னால் நீண்ட வரிசை.

"அன்ரி, அவன் வராம இவங்க எடுக்க மாட்டாங்க."

"இடத்தைப் பிடிச்சு வைக்கிறன் தம்பி. விட்டாங்கள் எண்டா நேர இஞ்ச வரட்டும். சட்டை இருக்கு, இதிலயே மாத்தலாம்."

"எப்ப விடுவாங்கன்னு தெரியாது அன்ரி."

"தெரியாதுதானே. அப்ப இண்டைக்காயும் இருக்கலாம்."

அவருடைய முறை வந்தது. காவலாளி பெயரைக் கேட்டார். அன்ரி மகனின் பெயரைச் சொன்னார். ஆள் எங்கே என்றார். வந்துகொண்டிருக்கிறான் என்றார் அன்ரி. ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ஒதுங்கி நின்றார். வந்து நிற்கும் ஒவ்வொரு ஓட்டோவையும் பார்த்தார். மதியம் கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் பஸ்ஸுக்கு வந்தார்.

கஜனை வெள்ளிக்கிழமை பின்னேரம் விட்டார்கள். வழக்கு இல்லை. ஹப்பைத் தந்தார்கள், சேர்வரைத் தரவில்லை. அன்ரி அவனைக் குளிக்கச் சொன்னார், சோறு போட்டார், பிறகு கத்தரிக்கோலை எடுத்து குசினி ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் துண்டை வெட்டினார். அடுத்த நேர்முகத் திகதி கல்லூரி தொடங்கி இரண்டு மாதத்துக்குப் பிறகு கிடைத்தது. கல்லூரி, இடத்தை வைத்திருக்க முடியாது என்றது. முற்பணம் திருப்பித் தரப்படாது என்பதும் விதிகளில் இருந்தது. கஜனே அதில் கையெழுத்திட்டிருந்தான்.

7

எனக்கு உதவித்தொகை கிடைத்தது அதே வருடம். என் நேர்முகத்துக்கு நான் நேரத்துக்குப் போனேன். இதில் எந்த நியாயமும் இல்லை, அநியாயமும் இல்லை. பக்கம் மாறும்போது யார் எங்கே நின்றார்கள் என்பதுதான்.

இங்கே குடிவரவு அலுவலகத்தில் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள், அதைக் குடும்பப் பெயர் என்று பதிந்திருப்பதால். "திருவாளர் முனியாண்டி" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிடுவாள். புறக்கோட்டையில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதல் தரம் நான் எழும்பவில்லை.

நிரோஷின் கேபிளை போன சனிக்கிழமை இழுத்தோம். வெளிர் சாம்பல் நிறம். நான் ஏணியில் நின்றேன், அவன் கீழிருந்து கேபிளை விட்டான். எதிர்க் கட்டடத்து மனிதர் பல்கனியில் நின்று கோப்பி குடித்துக்கொண்டு பார்த்தார், கையசைத்தார். வேலை முடிந்ததும் நிரோஷ், கொழும்பில் நாங்களும் இப்படி இழுத்தோமா என்று கேட்டான். தமிழில் கேட்டான், அது அபூர்வம். ஓம் என்றேன். மேலே சொல்ல வாயெடுத்தபோது தோழன் கூப்பிட்டுவிட்டான்.

ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் கஜனிடம் கேட்டேன். அவன் இப்போது வெள்ளவத்தையில் ஒரு தொலைபேசிக் கடையில் நிற்கிறான். விளையாடுவதில்லை, நேரமில்லை என்கிறான். அன்ரி கொமியூனிகேஷன் கடையில்தான் கனடாவோடு கதைக்கிறார். அண்ணன் அந்த முற்பணத்தைக் கடன்பட்டுத்தான் கட்டியிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது வேலை ஒன்று பிடித்து, இப்போதும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"எழுது மச்சான், எனக்குப் பிரச்சினை இல்லை," என்றான் கஜன். "ஆனா ஒண்டு. இஞ்ச சனம், நாங்கள் பத்து லட்சம் லஞ்சம் குடுத்து வெளியில வந்த ஆக்கள் எண்டு கதைக்குது. அம்மா கோயிலுக்குப் போறதையே குறைச்சிட்டா. சரியான கணக்கைப் போட்டு விடு."

போடுகிறேன். கல்லூரிக்குக் கட்டிய முற்பணம் மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். விசாக் கட்டணம் இருபதாயிரம். கஜனை வெளியே எடுக்க அன்ரி பிடித்த வக்கீலுக்கு முப்பத்தையாயிரம். முத்திரை, பிரதிகள், ஓட்டோ எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு. லஞ்சம் ஒரு சதமும் இல்லை. மொத்தம் நான்கு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.